குளவி என்று பெயர் பெற்ற எறும்பு

மழைக்காலம். விளக்கடியில் விழும் பூச்சிகளைச் சேகரித்து, பெயர் எழுதிக் கொண்டுவருமாறு ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி தீப்பெட்டியில் கொண்டுவந்த பூச்சி பழுப்பு நிறம், இறக்கை உண்டு, வயிறு நீண்டு பருத்திருந்தது. பெட்டியின் மேல் ‘எறும்பு’ என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டுச் சிவப்பு மையில் ‘குளவி’ என்று எழுதினேன். “நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் எறும்புக்கு இருப்பதுபோல முடிச்சு இருக்கு, சார்” என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

சில வாரங்கள் கழித்து, அதை ஒரு விலங்கியல் பேராசிரியரிடம் காட்டினேன். பார்த்ததும் சிரித்தார். “இது டோரிலஸ் என்ற பேரினத்தின் ஆண் எறும்பு. கவலைப்படாதீர்கள், லின்னேயஸும் இதைக் குளவி என்றுதான் நினைத்தார்” என்றார்.

தேடிப் படித்தேன். டோரிலஸ் எறும்புகள் ஆப்பிரிக்காவில் மிகுதி; சில இனங்கள் இந்தியாவிலும் உண்டு. தென்னாப்பிரிக்காவிலிருந்து கிடைத்த ஓர் ஆண் பூச்சிக்கு 1764இல் லின்னேயஸ் ‘வெஸ்பா ஹெல்வோலா’ என்று பெயரிட்டார். வெஸ்பா என்றால் குளவி. 1793இல் ஃபாப்ரிசியஸ் அதைப் பிரித்து, டோரிலஸ் என்ற தனிப் பேரினம் ஆக்கினார்.

குழப்பம் அதோடு முடியவில்லை. ஆப்பிரிக்காவில் படைபடையாகச் செல்லும் வேலைக்கார எறும்புகளுக்கு 1840இல் ஷக்கார்ட் ‘அனோமா’ என்று வேறொரு பேரினப் பெயர் வைத்தார். கண்ணில்லாதது என்று பொருள். 1863இல் ஜாவாவில் கிடைத்த, இறக்கையில்லாத ஒரு பெரிய பெண் பூச்சிக்குக் கெர்ஸ்டெக்கர் ‘டிக்தாடியா’ என்று பெயரிட்டார். ஒரே பேரினத்தின் ஆண், வேலைக்காரி, இராணி ஆகிய மூன்றுக்கும் மூன்று பேரினப் பெயர்கள்!

அறிஞர்கள் ஏன் ஏமாந்தார்கள்? ஆணுக்குப் பெரிய கண்களும் இறக்கையும் உண்டு. விளக்கைத் தேடித் தனியாக வரும். வேலைக்காரிக்குக் கண்ணும் இல்லை, இறக்கையும் இல்லை. இராணி மண்ணுக்குள்ளேயே வாழ்வதால் கண்ணில் படுவது அரிது. சில ஆப்பிரிக்க இனங்களில் அது 5 செ.மீ. வரை வளரும். அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தவை தனித்தனி உடல்கள். அவை ஒன்றாக வாழ்வதை யாரும் பார்க்கவில்லை.

பார்த்தவர் ஒருவர் இருந்தார். லைபீரியாவில் கேப் பால்மாஸ் என்னுமிடத்தில் பணியாற்றிய மருத்துவர் தாமஸ் சாவேஜ், வேலைக்கார எறும்புகளின் படை வரிசையிலேயே இறக்கை இழந்த ஆண்களைக் கண்டு 1849இல் எழுதினார். கூட்டத்தைத் தேடிவரும் ஆணைப் பிடித்து, இறக்கைகளைக் கடித்து நீக்கிக் கூட்டுக்குள் இழுத்துச் செல்வது வேலைக்காரிகளின் வழக்கம். இப்படிச் சான்றுகள் சேரச் சேர, மூன்றும் ஒன்றே என்பது உறுதியானது. முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. ஆகவே டோரிலஸ் நிலைத்தது. இன்றும் ஆண் மட்டுமே, அல்லது வேலைக்காரி மட்டுமே அறியப்பட்ட இனங்கள் இதில் உண்டு. அவற்றின் இணையைக் கண்டறிய டி.என்.ஏ. ஒப்பீடு உதவுகிறது.

மறுநாள் வகுப்பில் அந்தத் தீப்பெட்டியை எடுத்து, நான் எழுதியதை அடித்துவிட்டு, மாணவி எழுதியதையே மீண்டும் எழுதினேன். முடிச்சைப் பற்றி வகுப்புக்கு விளக்குமாறு அவளிடமே சொன்னேன். லின்னேயஸின் கதையையும் கூறினேன். “அவரே தப்பு செஞ்சாரா சார்?” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அதுவரை வாய் திறக்காத சிலரும் அன்று கேள்வி கேட்டார்கள்.

அதன்பின் இரண்டு பழக்கங்களைக் கைக்கொண்டேன். பூச்சியின் பெயரோடு, ‘ஏன் அப்படி நினைக்கிறாய்?’ என்பதற்கு ஒரு வரியும் எழுதச் சொல்கிறேன். தலைப்பிரட்டையும் தவளையும், மயிலின் ஆணும் பெண்ணும், கம்பளிப்புழுவும் வண்ணத்துப்பூச்சியும் உள்ள படங்களைக் கலைத்துக் கொடுத்து, “இவற்றை முன்பின் பார்த்திராத ஒருவர் எத்தனை உயிரினங்கள் என்று எண்ணுவார்? அவரை எப்படித் திருத்துவீர்கள்?” என்று கேட்கிறேன். நீங்களும் செய்து பாருங்கள். விடையை அடிப்பதற்கு முன், காரணத்தை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.