உவமை பேச்சான கதை

"பாரை ஆளும் மன்றம் பாராளுமன்றம். அதைத்தான் வெள்ளையன் 'பார்லிமெண்ட்' என்று வாங்கிக்கொண்டான்!" என்று விடுதியில் நண்பர் ஒருவர் சோறு ஆறும்வரை வாதிட்டார். கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால், அச்சொல்லின் சுற்றத்தார் ஐரோப்பாவில் இன்றும் வாழ்கின்றனர். அவருள் ஒருவர், 'பேசுதல்' என்னும் பொருளுடைய 'பார்லாரே' என்ற இத்தாலிய வினை.

பேசுதலுக்குப் பழைய இலத்தீனில் 'லோக்வீ' என்ற சொல் இருந்தது. அதன் வடிவம் செயப்பாட்டுவினை, பொருளோ செய்வினை. உருவம் ஒன்றும் பொருள் வேறுமாய் நின்ற இத்தகைய வினைகள் மக்கள் நாவில் நிலைக்கவில்லை. அவ்விடத்தைப் பிடித்தது ஒரு கிரேக்கச் சொல்லின் வழித்தோன்றல்! கிரேக்கத்தில் 'பரா' என்றால் அருகே. 'பால்லெய்ன்' என்றால் எறிதல். ஒன்றன் அருகே மற்றொன்றை இட்டு ஒப்புநோக்குவது 'பராபொலே', அதாவது உவமை. ஏசுபிரான் சொன்ன உவமைக் கதைகளை இலத்தீன் விவிலியம் 'பரபொலா' என்றது. தேவாலயத்தில் ஓயாது கேட்ட அச்சொல் நாளடைவில் 'கதை' என்பதினின்று 'சொல்' என்ற பொதுப்பொருளுக்கு இறங்கிவந்தது. 'சொல்' என்பதற்குரிய பழைய 'வெர்பும்', யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் இறைவனையே குறித்தமையால், அதை அன்றாடப் பேச்சில் வழங்க மக்கள் கூசினர் என்பாரும் உளர்.

'பரபொலா' இத்தாலியில் தேய்ந்து 'பரோலா' ஆயிற்று. அதனின்று பிறந்த 'பரபொலாரே' என்னும் வினை 'பார்லாரே' ஆயிற்று. ஸ்பானியர் வாயிலோ ரகரமும் லகரமும் இடம் மாறி, 'பலாப்ரா' எனச் சொல்லைக் குறித்தது. நம் இலக்கணத்தார் 'தசை', 'சதை' ஆவதை எழுத்து நிலைமாறுதல் என்பரே, அதுதான். பேசுதலுக்கு ஸ்பானியர் கொண்ட 'அப்லார்' என்பதும், கதை பேசுதலைக் குறித்த 'ஃபாபுலாரி' என்ற இலத்தீன் வினையின் வழி வந்ததே. இது நமக்கு வியப்பன்று. யாழ்ப்பாணத்து நண்பர் நம்மோடு பேசுவதில்லை, 'கதைக்கிறார்' அன்றோ?

பிரெஞ்சில் 'பார்லாரே'யின் உடன்பிறப்பு 'பார்லே'. பேச்சு என்ற பொருளில் அதனின்று பிறந்த பெயர்தான் ஆங்கிலத்தில் 'பார்லிமெண்ட்' ஆனது. பாரும் இல்லை, ஆளுதலும் இல்லை; வெறும் பேச்சு! 'பாராளுமன்றம்' அதன் ஒலிக்கு இசைய நாம் அமைத்துக்கொண்ட அழகிய பெயர்.

கணித மாணவர் வரையும் 'பரபொலா' வளைகோடும் அதே கிரேக்கச் சொல்லே. தமிழில் அதற்குப் 'பரவளையம்' என்று பெயர். இதை மட்டும் என் நண்பரிடம் சொல்லிவிடாதீர்கள்!