துப்பறிவாளரின் தோழர்

துப்பறியும் கதைகளை விரும்பாத இளைஞர் மிகச் சிலரே. மறைந்து கிடக்கும் உண்மையை நுண்ணறிவால் வெளிக்கொணரும் துப்பறிவாளரை நாம் அனைவரும் வியக்கின்றோம். ஆயின், வியந்தும் வினவியும் அவருடன் செல்லும் தோழரைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அத் தோழர் இல்லையேல் கதையின் சுவையே குன்றிவிடும்.

அமெரிக்க எழுத்தாளராகிய எட்கர் ஆலன் போ 1841-ஆம் ஆண்டில் வெளியிட்ட கதையொன்றில் இத்தகைய தோழரைக் காண்கிறோம். பாரிஸ் நகரில் வாழும் டூப்பின் என்பாரின் அறிவுத் திறனை, அவருடன் தங்கியிருக்கும் நண்பர் ஒருவர் எடுத்துரைக்கின்றார். அந் நண்பருக்குப் பெயர்கூட இல்லை. இத்தகைய தோழருக்குப் பெயரும் வாழ்வும் உள்ளமும் தந்து முழு மனிதராக்கியவர் ஆர்தர் கானன் டாயில் ஆவார். அவர் படைத்த ஷெர்லாக் ஹோம்ஸின் தோழரே டாக்டர் வாட்சன்.

வாட்சன் படை மருத்துவர். ஆப்கானிஸ்தானத்துப் போரில் காயமுற்று, உடல் நலிந்து இலண்டனுக்குத் திரும்பியவர். செலவைக் குறைக்கும் பொருட்டே அவர் பேக்கர் தெருவில் ஹோம்ஸுடன் குடியேறினார். 1887-இல் தொடங்கிய இவ் வரிசையில் மொத்தம் 60 கதைகள் உள்ளன. அவற்றுள் 56 கதைகள் வாட்சன் எழுதியனவாகவே அமைந்துள்ளன.

ஆசிரியர் இவ்வாறு அமைத்தது ஏன்? துப்பறிவாளரே கதை சொல்வாராயின், அவர் எண்ணுவதெல்லாம் நமக்கு உடனே தெரிந்துவிடும். அடுத்து யாது நிகழுமோ என்னும் ஆவல் எழாது. எண்ணத்தை அவர் மறைப்பாராயின், அது நம்மை ஏமாற்றுவதாகும். அன்றியும், தம் பெருமையைத் தாமே பேசுவது அழகன்று. வாட்சனோ, ஹோம்ஸ் காணும் காலடிச் சுவட்டையே தாமும் காண்கிறார். அதன் பொருளை மட்டும் அறியார். நாமும் அவர் நிலையிலேயே நிற்கின்றோம். அவர் கேட்கும் வினா நம் வினா. அவருக்குக் கிடைக்கும் விளக்கம் நமக்குக் கிடைக்கும் விளக்கம்.

1891-இல் வெளிவந்த கதையொன்றில் இதற்கு நல்ல சான்று உண்டு. தம் இல்லத்துப் படிகள் எத்தனை என்று ஹோம்ஸ் வினவுகிறார். பன்னூறு முறை அவற்றில் ஏறியிறங்கிய வாட்சனால் விடை கூற முடியவில்லை. படிகள் 17 என்கிறார் ஹோம்ஸ். வெறுமனே காண்பது வேறு, கருத்தூன்றி நோக்குவது வேறு என்னும் பாடத்தை வாட்சனோடு நாமும் கற்கின்றோம்.

அகதா கிறிஸ்டி 1920-இல் படைத்த ஹேஸ்டிங்ஸும் இம் மரபினரே. இத்தகைய தோழர் தம் எண்ணத்தை மறைத்தல் ஆகாது என்றும், அவர் அறிவு வாசகரின் அறிவினும் சிறிதே குறைந்திருத்தல் வேண்டும் என்றும் ரொனால்டு நாக்ஸ் 1929-இல் விதி வகுத்தார்.

இதனால் வாட்சனை அறிவிலி எனக் கருதுதல் தவறு. டார்ட்மூர் என்னும் சதுப்பு நிலப் பகுதிக்கு அவரைத் தம் சார்பில் அனுப்பிய ஹோம்ஸ், அவர் எழுதிய மடல்களைக் கருத்துடன் படித்துப் பயன் கொண்டார். 1926-இல் வெளிவந்த கதையொன்றில் ஹோம்ஸே எழுதுகோல் பிடிக்கிறார். அப்போதுதான் வாட்சன் உடனில்லாத குறையை உணர்கிறார். மற்றொரு கதையில் வாட்சன் துப்பாக்கிக் குண்டால் காயமுறுகிறார். உணர்ச்சியற்றவர் போலத் தோன்றிய ஹோம்ஸ் அக் கணத்தில் நிலைகலங்கித் துடிக்கின்றார். அந்த இறுகிய உள்ளத்தினுள் இருந்த அன்பை வெளிப்படுத்தியது தோழரின் குருதியே.

ஹோம்ஸைப் போன்ற கூரிய அறிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆனால், பிறர் திறமையை அழுக்காறின்றிப் போற்றுதல், அறியாததை நாணாது வினவுதல், இடர் வந்துழி அகலாது நிற்றல் ஆகிய வாட்சனின் பண்புகள் முயன்றால் எவர்க்கும் கைகூடும். அப் பண்புகள் உடையார் ஒருவர் துணை நின்றமையாலேயே ஹோம்ஸின் புகழ் உலகெங்கும் பரவிற்று.