சிட்னியின் புறநகர்கள்

ஆஸ்திரேலியாவின் கீழ்க்கடற்கரையில், ஆழமான இயற்கைத் துறைமுகம் ஒன்றன் இரு மருங்கிலும் பரந்து கிடப்பது சிட்னி மாநகரம். 1932ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட எஃகுப் பாலமும், 1973ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இசைநாடக அரங்கமும் உலகோர் நன்கறிந்தவை. ஆயினும், அந்நகரின் இயல்பை அறிய விரும்புவோர் புகைவண்டி ஏறி அதன் புறநகர்களுக்குச் செல்லுதல் வேண்டும். ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்டோர் வாழும் அந்நகரில், பத்துப் பேருள் ஏறத்தாழ நால்வர் வேற்று நாட்டில் பிறந்தவர். ஒரு நிலையத்தில் இறங்கினால் வியத்நாமிய மொழி நம் செவியில் விழும். மற்றொன்றில் அரபு மொழி கேட்கும். இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது?

இந்நகரின் கதவு எக்காலத்தும் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. 1901ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி தோன்றியது. அவ்வாண்டிலேயே குடிவரவைக் கட்டுப்படுத்தும் சட்டமும் பிறந்தது. அதன்படி, அதிகாரி ஐம்பது சொற்கள் கொண்ட ஒரு பகுதியைப் படிப்பார். வந்தவர் அதனைக் கேட்டு எழுத வேண்டும். எந்த ஐரோப்பிய மொழியில் படிப்பது என்பது அதிகாரியின் விருப்பம். ஆதலின், ஆங்கிலம் நன்கு கற்ற ஆசியர் ஒருவரையும் அவர் அறியாத மொழியில் சோதித்துத் திருப்பி அனுப்பிவிடலாம். நிறத்தின் பெயரைச் சொல்லாமலே நிறத்தால் மக்களைப் பிரித்த சூழ்ச்சி அது. அத்தேர்வு 1958ஆம் ஆண்டில் ஒழிந்தது. அதனைத் தாங்கி நின்ற வெள்ளையர் கொள்கை 1973ஆம் ஆண்டில் முற்றும் கைவிடப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் தொழில்கள் பெருகின. ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். பிரிட்டனிலிருந்து வந்தோர் போதாமையால் இத்தாலி, கிரீஸ் முதலிய நாட்டினரும் வரவேற்கப்பட்டனர். நகரின் நடுவிடத்திற்கு மேற்கே, அணித்தாக உள்ளது லைக்கார்ட் என்னும் புறநகர். அக்காலத்தில் அங்கு வீடுகள் மலிவு. வேலைத்தலங்களும் அருகில் இருந்தன. ஆதலின் இத்தாலியர் பலர் அங்குக் குடியேறினர். அண்ணன் வந்தபின் தம்பி வந்தான். தம்பியின் பின் அவனூர் நண்பன் வந்தான். நார்ட்டன் தெருவில் இத்தாலியக் காப்பிக் கடைகளும் உணவுச்சாலைகளும் எழுந்தன.

தென்மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கப்ரமட்டாவின் கதை வேறு. வியத்நாம்ப் போர் 1975ஆம் ஆண்டில் முடிந்தது. நாடிழந்த மக்கள் பலர் சிறு படகுகளில் ஏறிக் கடலில் உயிரைப் பணயம் வைத்தனர். ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்டவர்களுள் பலர் கப்ரமட்டாவிலும் அதனை அடுத்த வில்லவுட்டிலும் இருந்த அரசினர் விடுதிகளில் தங்க வைக்கப்பட்டனர். விடுதியை விட்டு வெளியேறியோர் அப்பக்கத்திலேயே வீடு தேடினர், கடை வைத்தனர். 1990ஆம் ஆண்டுகளில் போதைப்பொருள் வணிகத்தால் அவ்வூர் பழிக்கு ஆளாயிற்று. சிலர் செய்த தீமைக்காக ஊரார் அனைவரையும் பிறர் ஐயுற்றனர். அவ்வூர்க் குடிகளும் வணிகரும் இடைவிடாது முறையிட்டனர், 2001ஆம் ஆண்டில் மாநிலச் சட்ட மேலவைக் குழு ஒன்று அந்நிலையை ஆராய்ந்து அறிக்கை தந்தது, காவல் வலுப்பெற்றது. இன்று நகரெங்கும் இருந்து மக்கள் அங்குச் சுவையான உணவை நாடிச் செல்கின்றனர்.

1975ஆம் ஆண்டில் மூண்ட உள்நாட்டுப் போரால் லெபனானை விட்டு வந்தோர் பலர் லக்கெம்பாவில் குடியேறினர். அங்குள்ள பெரிய பள்ளிவாசல் அக்காலத்தில் எழுந்ததே. லெபனானியக் கிறித்தவர்களின் பெருங்கோயில் ஹாரிஸ் பார்க்கில் உள்ளது. அதே ஹாரிஸ் பார்க்கில் இன்று இந்தியர் மிகுதியாக வாழ்கின்றனர். தோசையும் இனிப்பும் விற்கும் கடைகள் தெருவை நிறைக்கின்றன. அதற்குச் சிறிது மேற்கே, மேஸ் ஹில் என்னுமிடத்தில் தமிழர் எழுப்பிய முருகன் கோயிலைக் காணலாம். 1983ஆம் ஆண்டின் கொடுமைகளுக்குப்பின் இலங்கையை விட்டகன்ற தமிழர் பலர்க்கு இம்மேற்குப் புறநகர்கள் புகலிடமாயின.

புதிதாக வந்தோர் ஒருங்கே வாழ்வதைச் சிலர் குறை கூறுவர். மொழி தெரியாதவர்க்கு வேலை சொல்பவரும், நோயுற்றபோது மருத்துவரிடம் உடன் செல்பவரும் அவ்வூராரே அன்றோ? நிலை உயர்ந்தபின் பலர் வேறிடம் செல்கின்றனர். லைக்கார்ட்டின் இத்தாலியக் குடும்பங்கள் பலவும் அவ்வாறே பெயர்ந்தன. ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் வாழ்வைத் தொடங்குகின்றார்.

வந்தவர்களைப் பற்றிப் பேசும்போது, முன்னரே இருந்தவர்களை மறத்தலாகாது. 1788ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வந்திறங்குமுன் பல்லாயிரம் ஆண்டுகளாக அந்நிலத்தில் வாழ்ந்தவர் பழங்குடி மக்கள். நிலமிழந்து வேலை தேடி நகருக்கு வந்த அம்மக்கள் பலர், புகைவண்டிப் பட்டறைகளுக்கு அருகிலுள்ள ரெட்ஃபெர்னில் தங்கினர். அங்கே 1970ஆம் ஆண்டில் தமக்கெனச் சட்ட உதவி நிலையமும், அடுத்த ஆண்டில் மருத்துவ நிலையமும் கண்டனர். 1992ஆம் ஆண்டில் பிரதமர் பால் கீட்டிங், அவர்தம் நிலத்தைக் கவர்ந்தவர் தம்மவரே என்பதை ரெட்ஃபெர்ன்ப் பூங்காவில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

எனவே, புறநகர் ஒன்றின் கடைப்பலகைகளைக் காணும்போது அவற்றின் எழுத்தை மட்டும் கண்டு வியந்து அகலுதல் போதாது. அவ்வெழுத்து அங்கு வந்த காரணத்தையும் கேட்டறிதல் வேண்டும். ஒரு போரோ, ஒரு சட்டமோ, ஒரு மலிவான வாடகை வீடோ அதற்கு விடையாக நிற்கும். அங்ஙனம் அறிந்தவர் அண்டை வீட்டாரை அயலாராகக் கருதார்.