வேடர் காவலரான ஊர்

தமிழகத்தைவிட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கு, ஆண்டுக்கொரு முறை ஊருக்குப் போய் வருவதே சுற்றுலாவாகும். ஹௌராவிலிருந்து சென்னை செல்லும் இருப்புப்பாதையில் எத்தனையோ முறை பயணம் செய்த குடும்பங்கள் நம் சங்கத்தில் உண்டு. அப்பாதை ஒடிஸாவில் பாலுகாவ் நிலையத்தைக் கடந்ததும், தெற்கு நோக்கிச் செல்வோரின் இடப்புறத்தே பெரியதோர் நீர்ப்பரப்பு தோன்றும். கடல் வந்துவிட்டதென்று குழந்தைகள் கூவுவர். அது கடலன்று, சிலிகா ஏரி. மழைக்காலத்தில் 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரியும் உவர்நீர் ஏரி. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் 1981ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து முதன்முதலாக இடம்பெற்ற இரண்டனுள் இது ஒன்று. மற்றது ராஜஸ்தானத்துப் பரத்பூர்.

இவ்வேரிக்குக் குளிர்காலந்தோறும் வடக்கேயிருந்து விருந்தினர் வருகின்றனர். சைபீரியா, மங்கோலியா, மத்திய ஆசியா ஆகிய பகுதிகள் பனியால் உறையும்போது, இமயத்தையும் கடந்து பறவைகள் இங்கே வந்து இறங்குகின்றன. 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளின் கணக்கெடுப்பிலும் சிலிகாவில் காணப்பட்ட பறவைகளின் தொகை 11 இலட்சத்துக்கு மேல்.

அவ்வேரியின் வடகரையில், டாங்கி என்னும் ஊருக்கு அருகே மங்களாஜோடி என்றொரு மீனவக் கிராமம் இருக்கிறது. நாம் இங்கே சொல்ல விழைவது அக்கிராமத்தின் கதையையே.

ஒரு காலத்தில் மங்களாஜோடி என்றாலே பறவை வேட்டை என்று பொருள். வலை விரித்தும், இரையில் நஞ்சு கலந்தும், துப்பாக்கியால் சுட்டும் பறவைகளைக் கொன்று இறைச்சிக்கு விற்றனர். வேட்டையைத் தடுக்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டே பிறந்துவிட்டது. எனினும் சட்டம் நகரத்தில் இருந்தது. சதுப்பு நிலமோ இருளில் கிடந்தது. வேட்டையாடியவர்களைக் கொடியோர் என்று தள்ளிவிடுவது எளிது. மீன்பாடு குறைந்த நாளில் வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே! இறந்த பறவைக்குச் சந்தையில் விலை இருந்தது. உயிருள்ள பறவைக்கு விலையே இல்லை. நோயின் வேர் அதுதான்.

1990களின் பிற்பகுதியில் வைல்டு ஒரிசா என்னும் தொண்டு அமைப்பினர் அவ்வூருக்குச் சென்று வேட்டைக்காரர்களுடன் பேசத் தொடங்கினர். ஒரே நாளில் மனம் மாறிவிடவில்லை. நெடுநாள் பேசிப் பழகிய பின்னரே சிலர் தெய்வத்தின் பெயரால் உறுதிபூண்டு வேட்டையைக் கைவிட்டனர். பின்பு அவர்களே மகாவீரர் பெயரால் ஒரு பறவைப் பாதுகாப்புச் சங்கம் அமைத்துக் காவல் சுற்றலாயினர். வேட்டையால் மங்களாஜோடியில் சில ஆயிரமாகக் குன்றியிருந்த பறவைகள், பின்னாளில் குளிர்கால உச்சத்தில் இலட்சக்கணக்காகப் பெருகின.

உறுதிமொழி நெஞ்சை மாற்றும், அடுப்பை எரிக்காது. இவ்வுண்மையை உணர்ந்தமையாலேயே அவ்வூரில் பறவை காட்டும் சுற்றுலா தொழிலாக வளர்க்கப்பட்டது. பறவை எங்கே மேயும், எப்போது எழும், எந்த ஒலிக்கு மிரளும் என்பதை வேட்டைக்காரனைவிட நன்கறிந்தவர் யார்? கொல்வதற்காகக் கற்ற அக்கல்வியே இன்று காட்டுவதற்குப் பயன்படுகிறது. நாணலுக்கிடையே மூங்கிற் கழியை ஊன்றி ஓசையின்றிப் படகைச் செலுத்துகின்றனர். ஊசிவால் வாத்து, கருவால் மூக்கன், தட்டைவாயன், நீலத் தாழைக்கோழி எனப் பெயர் சொல்லிக் காட்டுகின்றனர். மோட்டாரின் இரைச்சல் இல்லாமையால், சில முழத் தொலைவிலேயே பறவைகள் அஞ்சாது மேய்வதைக் காணலாம். படகுக் கூலி, வழிகாட்டியின் ஊதியம், தங்குமிடம், உணவு ஆகியவற்றால் வரும் பணத்தில் ஒரு பகுதியேனும் ஊரிலேயே தங்குகிறது. கொன்ற பறவை ஒரு நாள் காசு தரும். உயிரோடு விட்ட பறவை காலைதோறும் காசு தரும்.

இது தமிழர்க்குப் புதிய பாடமன்று. செங்கற்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் மக்கள், ஏரிப் பறவைகளை வெளியார் சுடாதபடி தடுக்க வேண்டுமென்று அக்கால ஆங்கிலேயக் கலெக்டரிடம் முறையிட்டு, 1798ஆம் ஆண்டு வாக்கிலேயே எழுத்து மூலம் உரிமை பெற்றனர். அருள் மட்டுமே அதற்குக் காரணமன்று. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் அவர்தம் வயலுக்கு எருவாயிற்று. பறவையால் ஊருக்கு நன்மை உண்டென்றால், ஊரே பறவைக்கு அரண். வேடந்தாங்கலில் எச்சம் செய்த வேலையை மங்களாஜோடியில் பயணியின் பணம் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த எரு வற்றினால் என்னாகும்? 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றால் நாடெங்கும் பயணம் நின்றபோது, பயணியை நம்பிய ஊர்கள் அனைத்தும் தவித்தன. சிலிகாவைச் சுற்றி வேட்டை இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை என்பதையும் மறத்தலாகாது. காவலரின் பிழைப்பு தளர்ந்தால், வலை மீண்டும் விரியும்.

ஆதலின் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நாளை இவ்வூருக்கு ஒதுக்குங்கள். கோடை விடுமுறையில் சென்றால் வடநாட்டு விருந்தினரைக் காண இயலாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரையே ஏற்ற காலம். பொங்கலுக்கு ஊர் செல்வோர்க்கு இது வாய்ப்பாக அமையும். இருப்புப்பாதை அலுவலில் இருப்பதால் இதையும் சொல்லிவைக்கிறோம்: 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவுக்கு எடுத்த சீட்டில், முதல் 500 கிலோமீட்டரைக் கடந்த பின் இடைவழியில் இறங்கித் தங்கிச் செல்ல விதி உண்டு. ஹௌராவிலிருந்து பாலுகாவ் அவ்வளவு தொலைவில் உள்ளதே. நாள் வரம்பும், விதி பொருந்தாத வண்டிகளும் உண்டு. முன்பதிவையும் இரு பகுதிக்கும் செய்துகொள்ள வேண்டும். ஆகவே சீட்டு எடுக்கும்போதே நிலையத்தில் கேட்டறிக. பாலுகாவிலிருந்து நெடுஞ்சாலை வழியே டாங்கிக்குச் சென்று மங்களாஜோடியை அடையலாம்.

செல்வோர் சிலவற்றை மனத்திற்கொள்ள வேண்டும். விடியற்காலையில் படகேறுங்கள். கண்ணைப் பறிக்கும் ஆடை வேண்டா. பறவைகள் கூட்டமாக எழுவதைப் படம்பிடிக்க ஆசைப்பட்டுக் கை தட்டாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து களைத்த உயிர்க்கு ஒவ்வொரு வீண் பறப்பும் இழப்பு. கட்டுச்சோற்றுப் பொட்டலத்தின் காகிதத்தையும் நெகிழிப் பையையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்வூர்ப் படகையும், அவ்வூர் வழிகாட்டியையும், அவ்வூர்ச் சோற்றையுமே நாடுங்கள். நகரத்து இடைத்தரகர் கையில் முழுப்பணத்தையும் கொடுத்துவிட்டு, படகோட்டியிடம் மட்டும் பேரம் பேசுதல் அறமாகாது.

மொழி தெரியாத ஊரில் வந்து வாழ்வது எத்தகையது என்பதை அறிந்தவர்கள் நாம். நம்மை ஏற்று, இடமளித்து, அயலவரென்று விரட்டாத மண்ணால் வாழ்கிறோம். தொலைதூரம் கடந்து வந்து சில திங்கள் தங்கிச் செல்லும் பறவைகளுக்கு அத்தகைய இடத்தை, கையிலிருந்த வலையை எறிந்துவிட்டு, ஏழை மீனவர் சிலர் அளித்துள்ளனர். அவர்கள் கொடுத்த வாக்கு நிலைத்திருக்க நாமும் ஒரு நாட்கூலி கொடுத்து உதவலாம். கண்டு மகிழ்ந்து வருவோர் தம் அனுபவத்தை எழுதியனுப்பினால், அடுத்துச் செல்லும் குடும்பங்களுக்கு அது வழிகாட்டும்.