இரண்டு வட்டில் ஒரே எழுத்து

கல்பிட்டிக் குடாநாட்டில், நுரைச்சோலை அனல்மின் நிலையம் இருக்கும் அதே கரையோரத்தில், மாம்புரிக் காற்றாலைகள் நிற்கின்றன. முதல் தொகுதி 2010இல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. காற்றாலை எதுவானாலும் மின்சாரத்தோடு கணக்கும் பிறக்கிறது: காற்றின் வேகம், திசை, பற்சக்கரப் பெட்டியின் சூடு. இவற்றைப் பத்து நிமிடச் சராசரியாகப் பதிவது உலக வழக்கம். அப்படிப் பதிந்தால் ஒரு காற்றாலைக்கு ஆண்டுக்கு 52,560 பதிவுகள். சோளகக் காற்று இந்த ஆண்டு தளர்ந்ததா, பற்சக்கரம் தேய்கிறதா என்று சொல்ல அவைதான் சாட்சி. கடந்துபோன காற்றை மறுபடி அளக்க முடியாது. அதை ஒற்றை வன்தட்டை நம்பி விடுவது பெரும் துணிச்சல்.

இதற்கு முதல் அரண் ரெயிட் 1. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 1988இல் எழுதிய கட்டுரை, மலிவான பல வட்டுகளைச் சேர்த்து நம்பகமான சேமிப்பாக்கும் முறைகளை ரெயிட் என்ற பெயரில் 5 வகையாக வகுத்தது. அவற்றில் முதலாவது, எழுதுவதையெல்லாம் இரண்டு வட்டிலும் ஒரே நேரத்தில் எழுதுவது. ஒன்று செத்தாலும் மற்றது வேலையைத் தொடரும்.

அமைப்பது கடினமல்ல. சர்வர் எழும்போதே ரெயிட் கட்டுப்பாட்டு அட்டையின் திரைக்குள் போய், இரண்டு வட்டுகளைத் தேர்ந்து, ரெயிட் 1 என்று குறித்தால், இயங்குதளத்தின் கண்ணுக்கு அவை ஒரே வட்டாகத் தெரியும். மூன்றாவது வட்டு ஒன்றையும் மாற்றாகக் காத்திருக்க வைக்கலாம். அட்டையின் தற்காலிக நினைவகத்துக்குப் பற்றரி உண்டா என்று பார்ப்பது அவசியம். இல்லாவிட்டால், மின்வெட்டு வரும் நொடியில் வட்டுக்குப் போய்ச் சேராத எழுத்து போய்விடும்.

கடினமானது அதற்குப் பிறகுதான். ஒரு வட்டு செத்தபின்னும் சர்வர் வழக்கம்போல் ஓடும். பயன்படுத்துகிறவருக்கு எதுவும் தெரியாது. பூட்டிய அறைக்குள் பழுதைக் காட்டும் செம்மஞ்சள் விளக்கு மாதக்கணக்கில் மினுங்கும். பழுதானதும் மின்னஞ்சல் வரும்படி முதல் நாளே அமைக்காவிட்டால், இரட்டை வட்டு என்று நம்பியிருப்பது ஒற்றை வட்டையே. செத்ததைக் கழற்றும்போது எந்த இலக்கத் தட்டில் இருக்கிறது என்று இருமுறை பார்க்க வேண்டும். நல்லதை இழுத்துவிட்டால் வேலை அங்கேயே நிற்கும். புதிய 4 டெராபைட் வட்டில், நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் நகல் எழுதி முடிய 7 மணி நேரத்துக்கு மேலாகும். அத்தனை நேரமும் மிஞ்சிய வட்டு ஓய்வில்லாமல் வாசிக்கப்படும்.

அந்த நேரத்தில் அதுவும் சாகுமா? 2007இல் பியாங்கா ஷ்ரோடரும் அதே கார்த் கிப்சனும் சுமார் ஒரு லட்சம் வட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். தயாரிப்பாளர்களின் கணக்குப்படி ஆண்டுக்கு 0.88 சதவீதத்தைத் தாண்டக் கூடாத பழுது, நடைமுறையில் பொதுவாக 2 முதல் 4 சதவீதம் வரை இருந்தது. சாவுகள் ஒன்றையொன்று சாராமல் நிகழவுமில்லை. ஒரே நாளில் வாங்கிய, ஒரே தொகுதி எண் கொண்ட இரண்டு வட்டுகளை இணை சேர்க்க வேண்டாம் என்று அனுபவசாலிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ரெயிட் 1 காக்காத இழப்பு ஒன்று உண்டு. அழி என்ற கட்டளையையும், கோப்புகளைப் பூட்டும் தீநிரலின் எழுத்தையும் அது இரண்டு வட்டிலும் ஒழுங்காக நிறைவேற்றும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க மேகக் கணினியைப் பணயத் தீநிரல் தாக்கியபோது, சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மீளவில்லை. காப்பு நகல் இருந்தது. ஆனால் அதுவும் வலையமைப்போடு இணைந்தே இருந்ததால், மூலத்தோடு சேர்ந்து பூட்டப்பட்டது. கழற்றி வைத்த நகல் அந்தக் காலத்துக்கு இல்லை. அதற்குப் பிறகே நாள்தோறும் இணைப்பற்ற நகல் எடுக்கும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது.

மாம்புரி போன்ற கரையில் உப்புக் காற்றும் வெக்கையும் இரண்டு வட்டுகளையும் ஒன்றாகவே தின்னும். ஆகவே மூன்றாவது நகல் அந்தக் கட்டடத்தில் இருக்கலாகாது. புத்தளத்திலோ கொழும்பிலோ, எழுதி முடிந்ததும் கழற்றிவிடும் வட்டில் அது இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு நாளின் பதிவை எடுத்து, வேறொரு கணினியில் திறந்து, பத்து நிமிடத்துக்கு ஒன்றாக 144 வரிகளும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.