பரங்கிமலைக்கு இருவர் போன பாதை

மயிலாப்பூர் குளக்கரையிலிருந்து பரங்கிமலை அடிவாரம் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். சைக்கிளில் போய், படியேறி, உச்சியில் நின்று ஊரைப் பார்த்துவிட்டு வருவது ஒரு காலத்தில் மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு தம்பதிகளுக்குக் கோடை விடுமுறையின் பெரிய உல்லாசம். சைக்கிள் இல்லாதவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். கடைக்காரருக்குத் தெரிந்த முகமாக இருந்தால் போதும், நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிடுவார்.

1960களில் மாம்பலத்தில் குடியிருந்த என் சித்தியும் சித்தப்பாவும் இப்படித்தான் போனார்கள். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். சித்தப்பா மிதிக்க, சித்தி கேரியரில் ஒருபுறமாக உட்கார்ந்து மடியில் புளியோதரைத் தூக்கை அணைத்துக்கொள்வார். அப்போது டபுள்ஸ் போகக்கூடாது, விளக்கில்லாமலும் போகக்கூடாது. முக்கில் போலீஸ்காரர் தென்பட்டால் சித்தி இறங்கி நடப்பார். அவரைத் தாண்டியதும் மறுபடி ஏறிக்கொள்வார். மலை உச்சியில் சாப்பாடு. “என்னங்க, வெயில் ஏறுது, கிளம்பலாம்” என்று சித்தி சொன்ன பிறகு அங்கே ஒரு நிமிஷம்கூட நிற்கமாட்டார்களாம். வரும் வழியில் கிண்டியில் மரத்தடி, வெள்ளரிப்பிஞ்சு, நுங்கு. உச்சிவெயிலுக்கு முன் வீடு.

இந்தப் பாதையே நடப்பவர்களுக்காக உண்டானது. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டிக்கொடுத்தார். மலைமேலிருக்கும் மாதா கோயிலுக்குப் படிகள் அமைத்துக்கொடுத்தவரும் அவரே. ஆற்றைக் கடக்கவும் மலையேறவும் கால்நடையாக வருகிறவர்கள் படும் பாட்டை அவர் கண்டிருக்க வேண்டும். பழைய பாலத்தின் இடத்தில் 1966-ல் மறைமலையடிகள் பாலம் வந்தது. உஸ்கானின் கல்வெட்டு மட்டும் பாலத்தருகே இருக்கிறது. அதைப் படிக்க நிற்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்த மலையடிவாரத்து வெயிலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. இந்திய நிலப்பரப்பை அளக்கும் மாபெரும் வேலைக்கு வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று இங்கேதான் அடிக்கோடு போடத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல். கையில் நூறு அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீண்டால் கணக்குப் பிசகும் என்று சங்கிலியின் மேல் கூடார நிழல் பிடித்தார்கள், வெப்பமானி வைத்து வாசித்தார்கள். ஒரு சங்கிலிக்கு அன்று கிடைத்த அக்கறை இன்று அதே வெயிலில் நடக்கும் மனிதருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

சித்தியின் பேத்தியும் அவள் கணவனும் இப்போது அடையாறில் இருக்கிறார்கள். இருவரிடமும் கியர் சைக்கிள், ஹெல்மெட், மினுக்கும் பின்விளக்கு எல்லாம் உண்டு. ஆனால் வீட்டு வாசலிலிருந்து சைக்கிள் மிதித்து அவர்கள் எங்கும் போவதில்லை. விடுமுறை வந்தால் சைக்கிள்களைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு பூண்டி ஏரிக்குப் போகிறார்கள். அங்கே இறக்கி ஓட்டுகிறார்கள், குடியம் குகை வரை காட்டுக்குள் நடக்கிறார்கள், மறுபடி சைக்கிளைக் காரில் ஏற்றுகிறார்கள். “டேய், தண்ணி குடிடா. அப்புறம் தலை சுத்துதுன்னு சொல்லாத” என்று அவள் அதட்ட, அவன் ஓஆர்எஸ் கரைத்த பாட்டிலை எடுக்கிறான். அன்பு அதேதான். சைக்கிள்தான் காரில் ஏறிவிட்டது.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சென்னையில் மக்கள் போய்வரும் பயணங்களில் 1970-ல் நூற்றுக்கு இருபது சைக்கிளில் நடந்தன. 2008 கணக்கெடுப்பில் அது ஆறாகிவிட்டது. அதே 2008-ல்தான் கத்திப்பாரா மேம்பாலம் திறக்கப்பட்டது. பரங்கிமலைக்குப் போகும் சைக்கிள்காரர் அதன் வளைவுகளுக்கு இடையே பேருந்துக்கும் லாரிக்கும் ஒதுங்கி ஒதுங்கித்தான் மலையைச் சேர வேண்டும். தெரிந்தே மனைவியைக் கேரியரில் உட்காரவைத்து யார் போவார்கள்?

வெயிலும் அன்றைய வெயில் இல்லை. 2003 மே 30 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. கத்திரியில் மேற்குக் காற்று பலமாக அடித்தால் கடல்காற்று உள்ளே வரத் தாமதமாகும்; அன்றைக்குத்தான் சென்னை கொதிக்கும். காற்று திரும்பிய பிறகும் புழுக்கத்தில் வியர்வை உலராது, உடம்பு ஆறாது. பகலெல்லாம் வெயில் குடித்த சிமென்ட் சுவர்கள் இரவில் அதைக் கக்குவதால், விடிகாலை ஐந்து மணியிலும் சித்தி கண்ட குளிர்ச்சி இல்லை. மிச்சமிருந்த மரநிழலிலும் ஒரு பங்கை 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சாய்த்துவிட்டுப் போனது.

மலையேற்றத்தைப் பொறுத்தவரை இன்றைய நிலை மேல் என்றே சொல்வேன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ சூழ்ந்து 23 பேர் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்து போன இளைஞர்கள் அதில் இருந்தார்கள், புதுமணத் தம்பதியும் இருந்தார்கள். காய்ந்த புல்லும் கோடைக் காற்றும் எவ்வளவு வேகமாக ஆளைச் சூழும் என்பதை அன்று கண்டோம். அதன் பிறகு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ நாற்பது பாதைகளோடு தொடங்கியது. முன்பதிவு செய்துவிட்டு, காட்டை அறிந்த உள்ளூர் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். குடியமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. காட்டுக்குள் போகிறவருக்கு இப்படி ஒரு காவல் வந்துவிட்டது. ஊருக்குள் நடப்பவருக்குத்தான் ஒன்றுமில்லை.

ஊருக்குள் நடப்பவரைக் காப்பது முடியாத காரியமும் அல்ல. 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கியபோது, அதுவரை கடைக்குள் ஓடி ஒளிந்த கணவனும் மனைவியும் மாலையில் கைகோத்து நடக்கத் தொடங்கினார்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று 2024-ல் தமிழக அரசே அறிவித்துவிட்டது. பேரிடர் என்று ஏற்றுக்கொண்ட பிறகு அதற்கான முன்னேற்பாடு இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் தருவதோடு நிற்கக்கூடாது. சைதாப்பேட்டை பாலத்திலிருந்து கத்திப்பாரா தாண்டி மலையடிவாரம் வரை சாலையின் ஒரு பக்கத்துக்காவது புங்கமும் வேம்பும் நடுங்கள். கட்சிக்காரர்கள் கோடையில் திறக்கும் தண்ணீர்ப்பந்தல் போல இல்லாமல், ஆண்டு முழுவதும் குடிநீர் கிடைக்கும் குழாய்களை அந்த வழியில் வையுங்கள். கத்திப்பாராவில் சைக்கிளுக்கென்று ஒரு தனிப்பாதை ஒதுக்குங்கள். மாநகராட்சியையும் நெடுஞ்சாலைத் துறையையும் நான் கேட்பது இவ்வளவே.