சேணத்தைக் கண்டால் பின்வாங்கும் மட்டக்குதிரை



மாடு, ஆடு, கோழி பற்றியெல்லாம் பேசுகிற இந்த நேரத்தில் குதிரைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். முன்போல ஜட்கா வண்டிகள் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் கோயில் திருவிழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் வாடகைக்கு விடுகிறவர்கள், பந்தயத்துக்கு வளர்க்கிறவர்கள் என்று மட்டக்குதிரை வைத்திருப்போர் இன்னும் இருக்கத்தான் இருக்கிறார்கள். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு ஒருமுறை போய் வந்தால் தெரியும். தவிர, இன்று நான் சொல்லப்போகிற விஷயத்தில் என்னுடைய தவறும் ஒன்று இருக்கிறது. மாடு மட்டும் வைத்திருப்பவர்களும் கொஞ்சம் கேளுங்கள்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில், பொன்னேரிக் கரையை ஒட்டிய ஒரு ஊரில் ஒரு பெரியவர். அரை ஏக்கர் கிணற்றுப் பாசனம், கொஞ்சம் கடலைக் கொல்லை, ஒரு மட்டக்குதிரை. வெள்ளையும் சாம்பலும் கலந்த பெண் குதிரை. பங்குனி முதல் ஆடி வரை சுற்றுவட்டாரத் திருவிழாக்களில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவருவதும், மாப்பிள்ளை அழைப்புக்குப் போவதும் அதற்கு வேலை. அந்த வருமானத்தில்தான் மகளுக்குக் கல்யாணம் செய்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். "ஐயா, குதிரை சோம்பேறி ஆயிடுச்சு. சேணத்த எடுத்தாலே பின்னாடி போவுது. ஏறி உக்காந்தா நாலு எட்டு வைக்குது, நின்னுடுது. சாட்டையால போட்டாலும் கேக்க மாட்டேங்குது. பையன் வித்துடலாங்கறான். ஒரு யாவாரி வந்து பாத்துட்டும் போயிட்டான்" என்றார். வியாபாரி கேட்ட விலை, குதிரையை எதற்காகக் கேட்கிறான் என்பதைச் சொல்லிவிட்டது. பெரியவருக்கும் அது புரிந்துதான் இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

நான் கால்நடை மருத்துவன் அல்ல. ஆனாலும் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஏறுகிற பிராணி ஒன்று திடீரென்று வேலைக்கு மறுத்தால், முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது முதுகை. பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டிலும், சேணம் உட்காரும் இருபுறமும் விரல்களால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். வலி இருந்தால் தோல் துடிக்கும், குதிரை முதுகைத் தாழ்த்தும், காதைப் பின்னால் மடக்கும். சேணத்தை எடுத்தவுடன் வியர்வைத் தடத்தையும் பாருங்கள். எல்லா இடமும் ஈரமாக இருக்க, உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் மட்டும் காய்ந்து கிடந்தால் அங்கே சேணம் அதிகமாக அழுத்துகிறது என்று கொள்ளலாம். இந்தக் குதிரைக்கு முதுகில் ஒன்றும் இல்லை.

வாய் பார்த்தோம். குதிரையின் கடைவாய்ப் பற்கள் வயது முழுக்கத் தேய்ந்துகொண்டே, வெளியே வந்துகொண்டே இருக்கும். ஓரங்கள் கத்திபோல ஆகிக் கன்னத்தைக் கிழிக்கும். அப்படிப்பட்ட குதிரை மென்ற புல்லை உருண்டை உருண்டையாகக் கீழே துப்பிவிடும், கடிவாளம் பட்டால் தலையை உதறும். அதுவும் இல்லை. குளம்பில் சூடு இல்லை, லாடம் சரி. காய்ச்சல் பார்த்தோம். ஓய்வாக நிற்கிற குதிரைக்கு 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கலாம், அதற்குள்தான் இருந்தது.

காய்ச்சலை நான் விசாரித்ததற்குக் காரணம் உண்டு. மழைக்காலத்துக்குப் பிறகு குதிரை ஈயும் மாட்டு ஈயும் கடித்துப் பரப்புகிற 'சர்ரா' என்ற நோய் இருக்கிறது. விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும், நன்றாகத் தின்றுகொண்டே இளைக்கும், ஈறு வெளுக்கும், வயிற்றின் அடிப்பக்கத்திலும் காலிலும் நீர் கோத்துக்கொள்ளும். அதன் கிருமியை 1880-ல் பஞ்சாபில் கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர் குதிரை, ஒட்டக இரத்தத்தில் கண்டுபிடித்தார். இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயமாகும். இதற்கெல்லாம் கைமருந்து பார்த்து நாளைக் கடத்தக் கூடாது.

கடைசியில் என் முடிவு என்னவென்றால், தீனி பற்றாது என்பது. வைக்கோலும் கொஞ்சம் கொள்ளும்தான் போட்டுக்கொண்டிருந்தார். கறவை மாட்டுக்காரர்களுக்கு நான் எத்தனையோ பேருக்குச் சொல்வதுபோல, "பெரியவரே, கிணற்று ஓரமா பத்து சென்ட்ல கம்பு நேப்பியர் போடுங்க, தவிட்டைக் கூட்டுங்க, தேறிடும்" என்றேன். கோ-4 கரணைகளையும் நானே வாங்கிக் கொடுத்தேன். ஆடியில் நட்டார். எழுபத்தைந்து நாளில் முதல் அறுப்பு, பிறகு நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு அறுப்பு. காலை மாலை இரண்டிரண்டு படி அரிசித் தவிடு. குதிரை உருண்டு திரண்டது. எனக்கும் பெருமைதான்.

பங்குனியில் அவரே கூப்பிட்டு அனுப்பினார். குதிரை முன்னைவிட மோசம். ஒரு நாள் இந்தக் காலைத் தாங்குகிறது, மறுநாள் அந்தக் காலை. நடையில் விறைப்பு. புல்லை மெல்லவே யோசிக்கிறது. கண்ணுக்குக் கீழே மூக்கெலும்பின் இரு பக்கமும் லேசாகப் புடைத்திருந்தது. இந்தத் தடவை கால்நடை மருத்துவரை அழைத்துப் போனேன். அவர் அந்தப் புடைப்பைத் தடவிப் பார்த்தார், தொழுவத்தில் கிடந்த புல்லையும் தவிட்டையும் பார்த்தார், "இதை யார் போடச் சொன்னது?" என்றார். நான்தான் என்றேன்.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். மாட்டுக்குத் தீனி முதலில் போய்ச் சேருவது பெரிய இரைப்பைக்கு. ஊறல் பானை மாதிரி அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. குதிரைக்கும் அப்படி ஒரு பானை உண்டு. ஆனால் அது பின்னால், பெருங்குடலில் இருக்கிறது. அதன் இரைப்பை சிறியது. அசை போடாது, வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. கம்பு நேப்பியரில் ஆக்சலேட் என்ற ஒரு பொருள் இருக்கிறது, வைக்கோலிலும் ஓரளவு உண்டு. அது தீனியிலுள்ள சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக் கட்டிவைத்துக்கொள்ளும். மாட்டுக்கு முன்பானையிலேயே நுண்ணுயிர்கள் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகின்றன. குதிரைக்குச் சுண்ணாம்புச்சத்து உறிஞ்சப்படுகிற இடம் சிறுகுடல். அதைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய்க் கட்டு அவிழ்ந்தும் பயன் இல்லை. லத்தியோடு போய்விடும்.

தவிடு இதற்கு மேல் ஒரு கேடு. உரம் போடும்போது மணிச்சத்து என்று சொல்கிறோமே, அது அரிசித் தவிட்டில் சுண்ணாம்புச்சத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் இருக்கிறது. குதிரைக்கு இரண்டும் சமமாகவாவது வேண்டும், சுண்ணாம்பு ஒரு பங்கு கூடுதலாக இருந்தால் நல்லது. மணிச்சத்து அளவு மீறினால் இருக்கிற சுண்ணாம்பும் உடம்பில் ஒட்டாது. மேல்நாடுகளில் மாவு ஆலைக்காரர்கள் ஆலைத் தவிட்டையே தங்கள் குதிரைகளுக்குப் போட்டு இதே நோயைக் கண்டிருக்கிறார்கள். 'ஆலைக்காரர் நோய்' என்றே அங்கே அதற்கு ஒரு பெயர்.

இரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்தால் இதயம் நிற்கும், தசை இழுக்கும். ஆகவே உடம்பு எலும்பிலிருந்து அதைச் சுரண்டி எடுத்து இரத்தத்தைச் சமாளிக்கிறது. இரத்தம் எடுத்து அளந்தால் சரியாக இருப்பதுபோலக்கூடத் தெரியும். எலும்பு உள்ளே நைந்துகொண்டிருக்கும், முகத்தில் அந்த இடத்தை நார் வந்து அடைத்துப் புடைக்கும். மூட்டு வலிக்கும். அப்படிப்பட்ட முதுகில் ஒரு ஆளை ஏற்றிச் சாட்டையும் எடுத்தால் அது எப்படி நடக்கும், சொல்லுங்கள்!

இது நம் நாட்டுக்குப் புதிய கதையும் அல்ல. 1025-ஆம் ஆண்டுவாக்கில் இராசேந்திர சோழன் இந்தக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய காலத்துக்கும் முன்பிருந்தே, வெளிநாட்டுக் குதிரைகள் கப்பலில் வந்து தமிழ்க் கரையில் இறங்கிக்கொண்டிருந்தன. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்குகிற குதிரைகளில் மிகப் பல செத்துப்போகின்றன, பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை, சோற்றையும் இறைச்சியையும் சமைத்துப் போடுகிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். அதைப் படித்து நான் சிரித்ததுண்டு. இப்போது சிரிப்பதில்லை.

மருத்துவர் தவிட்டையும் நேப்பியரையும் அன்றே நிறுத்தச் சொன்னார். மாறுதலை மட்டும் ஒரே நாளில் திணிக்காமல், புதுத் தீனியை ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டினோம். வயிறு பழகாவிட்டால் குதிரைக்கு வயிற்றுவலி கண்டு உருண்டு புரண்டு உயிரே போகும். அறுகம்புல்தான் முக்கியத் தீனி. கூடவே நன்றாகக் காய்ந்த கடலைக்கொடி. அதில் சுண்ணாம்புச்சத்து நல்ல அளவில் உண்டு. ஆனால் பூஞ்சணம் பிடித்த கொடியைக் கையால்கூடத் தொடாதீர்கள், மாடு தாங்குவதைக் குதிரை தாங்காது. தண்ணீர் வசதி உள்ளவர்கள் குதிரைமசால் போடலாம், அதன் பேரிலேயே குதிரை இருக்கிறதே! கொள்ளு ஊறவைத்து அளவாக, ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளையாக. இருநூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு ஈரம் போக நாளைக்கு நாலைந்து கிலோ தீனி போதும், அதில் பாதிக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும். தீவனத்துக்கென்று விற்கிற சுண்ணாம்புக்கல் தூளை மருத்துவர் சொன்ன அளவில் சேர்த்தார். நம் அரியலூர் மண்ணுக்கடியில்தான் சுண்ணாம்புக்கல் கொட்டிக்கிடக்கிறதே என்று குவாரித் தூளை அள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஒருவர் என்னிடம் கேட்டேவிட்டார்.

ஆறு மாதம் சேணமே வைக்கக் கூடாது என்றார் மருத்துவர். பெரியவருக்கு அதுதான் கஷ்டம். ஒரு பருவத்து வருமானம் போயிற்று. மகனோடு பேச்சுவார்த்தை கொஞ்ச நாள் இல்லை. காலையில் ஏரிக்கரையில் கையில் பிடித்தபடி அதை நடத்திக்கொண்டு போவார். ஐப்பசியில் காதை நிமிர்த்திக்கொண்டு தானாக ஓட்டமெடுத்தது என்று ஆள் அனுப்பிச் சொன்னார். தைப்பூசத்துக்குச் சின்னப் பிள்ளைகளை மட்டும் ஏற்றினார். முகத்துப் புடைப்பு முழுக்கப் போகவில்லை, போகாது என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார்.

இன்னொன்று. முதலில் சோம்பேறி என்று பெரியவர் வந்தாரே, அதற்குக் காரணம் என்ன என்று நானும் மருத்துவரிடம் கேட்டேன். அப்போது போட்ட தீனி வைக்கோல் என்றவுடன், இந்தக் குறை அன்றைக்கே ஆரம்பித்திருக்கலாம், நீங்கள் அதை வேகமாக்கிவிட்டீர்கள் என்றார். லத்தியைச் சோதித்ததில் குடற்புழுவும் இருந்தது. அந்தச் சோதனையை அரசு கால்நடை மருந்தகத்தில் செய்துகொள்ளலாம். தீப்பெட்டி அளவுக்குப் புதிய லத்தி எடுத்துப்போனால் போதும். நான் முதல் நாளே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நான் கொடுத்த நேப்பியர் கரணைகள் இப்போதும் அந்தக் கிணற்று ஓரத்தில் ஆளுயரம் நிற்கின்றன. மருமகள் ஒரு கறவை மாடு வாங்கியிருக்கிறாள். புல் அதற்குப் போகிறது.